ஊமத்தம்பட்டிச் சாவன்

இது நான் நேரில் பார்த்த கதை இல்லை. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த செல்லையா சொன்னது. அவனும் பார்க்கவில்லை, அன்று அவனுக்குத் தேர்வு. அவனுக்குச் சொன்னவர் அவனுடைய பெரியம்மா மகன் வெள்ளைக்கண்ணு. வெள்ளைக்கண்ணு ஆரம்பம் முதல் கடைசி வரை அங்கேயே இருந்தவர். ஆனால் அங்கே என்ன நடந்தது என்று கடைசி வரை புரியாதவர்களில் அவரும் ஒருவர். ஆகவே இதில் பிழை இருந்தால் எங்கள் மூன்று பேருக்கும் அதில் பங்கு உண்டு.

ஊமத்தம்பட்டியில் காத்தமுத்து முப்பத்தோரு வருஷமாக டீக்கடை வைத்திருக்கிறார். வீட்டின் ஒரு பக்கம் கடை, மறுபக்கம் குடித்தனம். ஒரே மகள் செண்பகம். ஜப்பான் மொழி படித்துவிட்டு, சென்னையில் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த யூட்டா என்ற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். காத்தமுத்துவுக்கும் பையனைப் பிடித்திருந்தது. ஒரு தடவை கடைக்கு வந்தபோது மூன்று டீ குடித்தான், மூன்று தடவையும் கிளாஸைத் தானே கழுவி வைத்தான். அப்படி ஒரு வாடிக்கையாளரை முப்பத்தோரு வருஷத்தில் அவர் பார்த்ததில்லை.

பையனுக்குத் தகப்பனார் இல்லை. அம்மா மட்டும்தான். அந்த அம்மா இன்னும் சம்மதம் சொல்லவில்லை. காத்தமுத்துவின் கவலை எல்லாம் அதுதான்.

ஒரு வியாழக்கிழமை காலையில் செண்பகத்திடமிருந்து அவருடைய கைப்பேசிக்கு ஆறு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவர் அதைக் கடையிலேயே, எல்லோரும் கேட்கும்படி போட்டார். எல்லோரும் என்றால் இரண்டு பேர். ஒருவர் ஏகாம்பரம், காத்தமுத்துவின் மனைவியோடு பிறந்த அண்ணன். பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுபவர். எடை நூற்றைந்து கிலோ. ஊரில் எந்தச் சிக்கலுக்கும் விளக்கம் சொல்லக்கூடியவர் என்று பெயர் வாங்கியவர். இன்னொருவர் கொத்தனார் வெள்ளைக்கண்ணு.

முதல் மெசேஜில் செண்பகம் சொன்னாள்: "அப்பா, யூட்டாவோட அம்மா நொரிக்கோ ஞாயித்துக்கிழமை காலையில நம்ம வீட்டுக்கு வர்றாங்க. நாப்பது வருஷமா டீ போடுறது எப்படி, குடிக்கிறது எப்படின்னு சொல்லிக் குடுக்கிற டீச்சர்ப்பா அவங்க. 'அந்த வீட்டுல ஒரு டீ குடிச்சிட்டு வந்து பதில் சொல்றேன்'னு சொல்லியிருக்காங்க. அதனால அவங்க ஊர் முறைப்படியே செஞ்சிருவோம். நான் சொல்ற மாதிரியே செய்யுங்க."

"நொறுக்குன்னு பேரு வச்சிருக்காங்கன்னா கொஞ்சம் கறாரான அம்மாவாத்தான் இருக்கும்," என்றார் ஏகாம்பரம்.

"டீ குடிக்கிறதுக்கு நாப்பது வருஷமா படிப்பு?" என்றார் வெள்ளைக்கண்ணு. "நான் ரெண்டு மடக்குல முடிச்சிருவேனே."

"அதனாலதான் நீ கொத்தனாரா இருக்க."

இரண்டாவது மெசேஜ் இறங்கவில்லை. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மச்சா என்றால் பச்சைத் தேயிலைப் பொடி, சாவன் என்றால் டீக் கிண்ணம் என்று எந்தப் பொருளுக்கு ஜப்பானில் என்ன பெயர் என்பதை அதில்தான் செண்பகம் ஒவ்வொன்றாக விளக்கியிருந்தாள் என்பது பின்னால் தெரிந்தது. காத்தமுத்து பத்து நிமிஷம் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டுக் கேட்டிரலாமா?" என்றார்.

"கேக்கலாம்," என்றார் ஏகாம்பரம். "ஆனா அந்தப் புள்ள என்ன நினைக்கும்? டீக்கடைக்காரருக்கு டீயைப் பத்தித் தெரியலையேன்னு நினைக்கும். கட்டிக்கொடுக்கப் போற நேரத்துல அது மனசு நோகணுமா மாப்ள? ஆறுல அஞ்சு இருக்குல்ல. அஞ்சை வச்சு ஆறைப் புரிஞ்சுக்குவோம்."

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

மூன்றாவது மெசேஜ்: "நாலு விஷயம் முக்கியம்ப்பா. இணக்கம், மரியாதை, தூய்மை, அமைதி. இந்த நாலும் அந்த ரூம்ல இருக்கணும். ரூமுக்கு வாசல் ரொம்பச் சின்னதா, ரெண்டடிக்கு ரெண்டடிதான் இருக்கும். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் தவழ்ந்துதான் உள்ள போகணும். அப்பதான் தலைக்கனம் போகும். இன்னொண்ணு, சீனி. அந்த ரூமுக்குள்ள சீனியை மட்டும் விட்டுறாதீங்க. சீனி இருந்தா மொத்தமும் கெட்டுப்போகும்."

காத்தமுத்து கைப்பேசியைக் கீழே வைத்தார். ஏனென்றால் காத்தமுத்துவின் மனைவி பெயர் சீனியம்மாள். ஊரே அவரைச் சீனி என்றுதான் கூப்பிடும்.

"பெத்தவளைப் பேரு சொல்லிச் சொல்றாளே," என்றார் காத்தமுத்து.

"சென்னைப் பக்கம் அப்படித்தான் பேசுவாங்க," என்றார் வெள்ளைக்கண்ணு.

ஏகாம்பரம் மோவாயைத் தடவினார். "என் கூடப் பொறந்தவதான். இருந்தாலும் உண்மையைச் சொல்லணும். சீனி எங்க இருந்தாலும் பேச்சு ஜாஸ்தி. அமைதி வேணும்னு புள்ள கேக்குது. புள்ள சொல்றதுல அர்த்தம் இருக்கு."

காத்தமுத்து தயங்கித் தயங்கி உள்ளே போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். சீனியம்மாள் கேட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் இந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாது. அவ்வளவுதான?" என்றார். மாற்றுச் சேலை இரண்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுச் சின்னம்மா வீட்டுக்குப் போனார். முப்பது வருஷத்தில் தனக்கு இப்போதுதான் லீவு கிடைத்திருக்கிறது என்று அங்கே போய்ச் சொன்னாராம்.

நான்காவது மெசேஜை அவர்கள் மூன்று தடவை போட்டுக் கேட்டார்கள்.

"மச்சாதான்ப்பா ரொம்ப முக்கியம். மச்சா இல்லாம ஒண்ணுமே இல்லை. முதல்ல மச்சாவைச் சல்லடையில சலிக்கணும். கட்டி இருந்தா அவங்களுக்குப் பிடிக்காது. அப்புறம் வெந்நி ஊத்தணும். கொதிக்கக் கொதிக்க ஊத்திராதீங்க, கொஞ்சம் ஆறின வெந்நி. அப்புறம் மூங்கில்ல அடிக்கணும். நுரை வர்ற வரைக்கும் வேகமா அடிக்கணும். ஆனா அடிக்கிறவங்க மூஞ்சியில அவசரமோ கோவமோ தெரியக்கூடாது."

காத்தமுத்துவுக்கு மச்சான் ஒரே ஒருவர். அவர் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். மென்றுகொண்டிருந்ததை ஏகாம்பரம் மெதுவாக விழுங்கினார்.

"மச்சான் இல்லாம ஒண்ணுமே இல்லைன்னு சொல்லியிருக்கா," என்றார் காத்தமுத்து, சமாதானமாக.

"அதைக் கேட்டேன்."

"கொதிக்கக் கொதிக்க ஊத்த வேணாம்னும் சொல்லியிருக்கா."

"அதையும் கேட்டேன் மாப்ள. மாமன் மேல அதுக்குப் பாசம் இல்லைன்னு யாரு சொன்னா?" ஏகாம்பரம் கையைத் துடைத்துக்கொண்டார். "தாய்மாமன்னா சீர் செய்யணும். ஒருத்தன் பீரோ செய்வான், ஒருத்தன் சங்கிலி போடுவான். ஜப்பான்ல அடி வாங்கணும் போல. வாங்குவோம். ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்துக்கணும். நுரைன்னா எது? வாயில தள்ளுற நுரையா, உடம்புல வர்ற நுரையா?"

வெள்ளைக்கண்ணு வாய் என்றார். ஏகாம்பரம், உடம்பு அவருடையதாக இருந்ததால், உடம்பு என்றார். கடைசியில் முதுகு முழுக்கச் சோப்புப் போட்டுவிட்டு அடிப்பது என்று முடிவாயிற்று. சலிப்பதற்கு வெள்ளைக்கண்ணு தன்னுடைய மணல் சல்லடையைக் கொண்டுவந்தார். ஏகாம்பரத்தை அதில் சாய்த்து இரண்டு பேரும் உலுக்கினார்கள். ஒரு தீப்பெட்டியும் பாக்குப் பொட்டலம் ஒன்றும் கீழே விழுந்தன. மிச்சம் சல்லடையிலேயே நின்றது. முதுகில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கொழுப்புக் கட்டி இருந்தது. கட்டி பிடிக்காது என்று சொல்லியிருந்ததால் அதன் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டினார்கள்.

இதற்கிடையில், வெள்ளிக்கிழமை, செண்பகம் அனுப்பிய கூரியர் வந்தது. கூரியர்காரர் தெருவில் நின்ற சீனியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு சின்ன டப்பா, டப்பாவில் பச்சைப் பொடி, மேலே புரியாத எழுத்து. கல்யாணப் பேச்சு நடக்கிற நேரத்தில் மகள் பச்சைப் பொடி அனுப்பினால் அது மருதாணி இல்லாமல் வேறு என்ன? சீனியம்மாள் அதைக் குழைத்து இரண்டு உள்ளங்கையிலும் அப்பிக்கொண்டார். நிறம் சரியாகப் பிடிக்கவில்லை. மறுநாளும் அப்பினார்.

கடையில் ஐந்தாவது மெசேஜ் ஓடியது.

"அப்பா, சாவன் நம்ம வீட்டுப் பக்கம் உள்ளதா இருக்கட்டும், அதுதான் மரியாதை. சாவன் பழசா இருக்கணும். புதுசு வேண்டவே வேண்டாம். ஒடஞ்சு, ஒட்டுப் போட்டு, அதுல தங்கமும் இருந்துட்டா அதை விட விசேஷம் இல்லை. வந்தவங்க சாவனை ரெண்டு கையாலயும் எடுத்து உள்ளங்கையில வச்சு, வலது பக்கமா ரெண்டு தடவை சுத்துவாங்க. கடைசியில கவுத்து அடியைப் பாப்பாங்க. இது எந்த ஊரு, யார் செஞ்சதுன்னு கேப்பாங்க. பதில் தயாரா இருக்கணும்."

"சாவான்னு சொல்றா," என்றார் வெள்ளைக்கண்ணு. "யாருண்ணே சாவான்?"

"சாவான் இல்லைப்பா, சாவன்," என்றார் ஏகாம்பரம். "நல்லாக் கேளு. பாடுறவன் பாடகன். சாகிறவன் சாவன். சாகப்போற வயசுல ஒரு ஆளு இருக்கணும்னு சொல்றா. பெரியவங்க ஆசீர்வாதம். நம்ம ஊர்லயும் உள்ளதுதான்."

"ஒடஞ்சு ஒட்டுப் போட்ட ஆளு," என்றார் காத்தமுத்து.

"தங்கம் வச்ச ஆளு," என்றார் வெள்ளைக்கண்ணு.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் தெருவைப் பார்த்தார்கள். அங்கே மூக்கையாத் தாத்தா வேப்ப நிழலில் கட்டிலில் படுத்திருந்தார். வயது எண்பத்து மூன்று. போன வருஷம் சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து, தகடு வைத்து ஒட்டியிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு தங்கப் பல். எடை நாற்பத்தோரு கிலோ. உள்ளங்கையில் வைப்பது சிரமம் என்றாலும் நடக்காத காரியம் இல்லை.

காத்தமுத்துதான் போய்ப் பேசினார். விருந்து அவர் வீட்டு விருந்து.

"தாத்தா, நம்ம செண்பகம் கல்யாண விஷயமா ஒரு சாவன் தேவைப்படுது."

"அப்படின்னா?"

"சாகப்போற ஆளு."

மூக்கையா எழுந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை. "என்னைக்கு?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை காலையில."

"ஞாயித்துக்கிழமை மகள் வீட்டுல கறி எடுப்பாங்க. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிருமா?"

"பத்து மணிக்கு வர்றாங்க. பதினொண்ணுக்கு முடிஞ்சிரும்."

"அப்ப சரி," என்றார் மூக்கையா.

அடியைப் பார்ப்பார்கள் என்பதில்தான் சிக்கல் வந்தது. மனுஷனுக்கு அடி என்பது பாதமா, உட்காருகிற இடமா? அரை மணி நேரம் விவாதித்தும் முடிவாகவில்லை. இரண்டையும் தயார் செய்வது என்று வைத்துக்கொண்டார்கள். பாதத்தைச் செங்கல் வைத்துத் தேய்த்தார்கள். உட்காருகிற இடத்துக்குக் காத்தமுத்து புது ஜட்டி எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் வெள்ளைக்கண்ணு முன்னறையின் வாசற்கதவைக் கழற்றிவிட்டு, செங்கல் வைத்து அடைத்தார். கீழே இரண்டடிக்கு இரண்டடி மட்டும் விட்டார். அந்த அறைக்கு வேறு வழி கிடையாது. சுவர் நேராக வருகிறதா என்று உள்ளே நின்று பார்த்துச் சொன்னவர் ஏகாம்பரம். சுவர் மிக நேராக வந்தது. பூச்சும் முடிந்த பிறகுதான் ஏகாம்பரத்தின் குறுக்களவு யாருக்கோ ஞாபகம் வந்தது. தலையும் ஒரு தோளும் வெளியே வந்தன. மற்றவையெல்லாம் வர மறுத்தன.

"இடிச்சிரவா?" என்றார் வெள்ளைக்கண்ணு.

"எதுக்கு?" என்றார் ஏகாம்பரம், ஓட்டையிலிருந்து. "நாளைக்கு நான் உள்ளதான இருக்கணும்? இன்னைக்கு வெளிய வந்துட்டா நாளைக்கு எப்படி உள்ள போவேன்? நடந்தது நல்லதுக்குத்தான்."

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அவருக்கு ஒரு பாயும் ஒரு வாளியும் பன்னிரண்டு இட்லியும் உள்ளே தள்ளினார்கள்.

காத்தமுத்துவை உறுத்தியது ஆறாவது மெசேஜ்தான். அதை அவர் மற்றவர்களுக்குப் போட்டுக்காட்டிய பிறகு, தனியாகவும் பல தடவை கேட்டார். முன்பாதி லேசானது: "வாசலைத் தூசி தும்பு இல்லாமப் பெருக்கிருங்க. பெருக்கினப்புறம் நாலு இலை போட்டு விட்டிருங்க, அப்பதான் இயற்கையா இருக்கும்." பின்பாதி இது: "கடைசியா ஒண்ணுப்பா. இந்தச் சந்திப்பு வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான். இது திரும்ப வரவே வராது. அதை மனசுல வச்சு டீ போடணும்."

"அப்பக் கல்யாணத்துக்கு வர மாட்டாங்களா?" என்று அவர் ஓட்டையருகே குனிந்து கேட்டார்.

"ஒரு தடவைதான்னா ஒரு தடவைதான் மாப்ள," என்றது ஏகாம்பரத்தின் குரல். "அந்த அம்மா முடிவு பண்ணிட்டுத்தான் வருது போல."

அன்று சாயங்காலம் கடையில் டீ குடித்தவர்கள் எல்லோரும் டீயில் உப்பு இருந்ததாகச் சொன்னார்கள்.

ஞாயிறு காலையில் வாசலைப் பெருக்கி, நான்கு வாழையிலையை வரிசையாகப் போட்டார் வெள்ளைக்கண்ணு. ஏகாம்பரம் ஓட்டை வழியாகப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நாலு இலை போட்டா நாலு பேருதான் உக்காருவான். பொண்ணு வீட்டுக்காரன் கஞ்சன்னு அந்த அம்மா நினைக்கும். என் கிடங்குல ஒரு கட்டு கிடக்கு, நாப்பதாப் போடு."

நாற்பது இலை போட்டார். ஊமத்தம்பட்டியில் வாசலில் இலை போட்டுக் கிடந்தால், ஏன் எதற்கு என்று கேட்கிற வழக்கம் இல்லை. கால்மணி நேரத்தில் நாற்பது பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அமைதி முக்கியம் என்று காத்தமுத்து ஒவ்வொருவரிடமும் சொன்னார். நாற்பது பேரும் வெற்று இலையைப் பார்த்தபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பத்து மணிக்குக் கார் வந்தது. செண்பகத்தோடு நொரிக்கோ அம்மா இறங்கினார். சின்ன உருவம், சாம்பல் நிறக் கிமோனோ, வெள்ளைக் காலுறை. இலை முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்த நாற்பது பேரையும் பார்த்தார். இடுப்பை மடித்துக் கும்பிட்டார். நாற்பது பேரும் கும்பிட்டார்கள்.

"அப்பா," என்றாள் செண்பகம், குரலைத் தாழ்த்தி. "இவங்கல்லாம் யாரு?"

"இலை போடச் சொன்னியேம்மா."

செண்பகம் எதையோ சொல்ல வந்தாள். அதற்குள் சுவர் கண்ணில் பட்டது. "வாசல் எங்கப்பா?"

"அதுதாம்மா வாசல். நீ சொன்ன அளவுதான். வெள்ளைக்கண்ணு டேப் வச்சு அளந்தான்."

நொரிக்கோ அம்மா ஓட்டையின் முன்னால் மண்டியிட்டார். நாற்பது வருஷம் பழகிய உடம்பு. ஒரு நூல் உரசாமல் உள்ளே போய்விட்டார். பின்னால் செண்பகம் தவழ்ந்தாள். அவளுக்குப் பின்னால் காத்தமுத்து தவழ்ந்தார்.

உள்ளே புதுப் பாய். பாயில் வெள்ளைச் சட்டை போட்டு மூக்கையாத் தாத்தா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மூலையில் மணல் சல்லடை. அதன் பக்கத்தில் முதுகெல்லாம் சோப்போடு ஏகாம்பரம் குனிந்து நின்றார். அவருக்குப் பின்னால் கையில் மூங்கில் கம்போடு, முகத்தில் எந்தக் கோபமும் இல்லாமல், வெள்ளைக்கண்ணு.

காத்தமுத்து கைகளைக் கட்டிக்கொண்டார். "இது எங்க சாவன்," என்று மூக்கையாவைக் காட்டினார். "இது எங்க மச்சா," என்று ஏகாம்பரத்தைக் காட்டினார்.

செண்பகம் வேண்டாம் என்று கையை உயர்த்தினாள்.

வெள்ளைக்கண்ணு, அதுதான் தனக்குச் சைகை என்று எடுத்துக்கொண்டு, ஒரு சொம்பு வெந்நீரை ஊற்றி அடிக்க ஆரம்பித்தார். வேகமாக, சாந்தமாக அடித்தார். ஏகாம்பரத்திடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. அமைதி அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. நுரை நன்றாகவே வந்தது. தோளில் ஏறி, காதுவரை வந்து, பாயில் சொட்டியது.

"போதும் மாமா," என்றாள் செண்பகம். "அண்ணே, போதும்."

"இன்னும் கொஞ்சம் வரும் தாயி," என்றார் ஏகாம்பரம். "மாமன் தாங்குவேன்."

நொரிக்கோ அம்மா எல்லாவற்றையும் பார்த்தார். கண் இமைக்கவில்லை. அவர் சொல்லிக் கொடுக்கிற பாடத்தில் ஒரு விதி உண்டு: வீட்டுக்காரர் எதை முன்னால் வைக்கிறாரோ, அதை விருந்தாளி மதிக்க வேண்டும். எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று அந்த விதியில் பட்டியல் கிடையாது. நாற்பது வருஷத்தில் பட்டியலுக்கு அவசியம் வந்ததில்லை.

அவர் மூக்கையாவின் முன்னால் நகர்ந்து, இரண்டு கையையும் பாயில் ஊன்றி வணங்கினார். பிறகு மெதுவாக ஏதோ கேட்டார். செண்பகம் அழுவது போன்ற குரலில் மொழிபெயர்த்தாள்.

"இது... நீங்க எந்தக் காலத்தவருன்னு கேக்கறாங்க தாத்தா."

"வெள்ளைக்காரன் காலம்."

"எந்த ஊரு?"

"இதே ஊரு. மேலத்தெரு."

"யாரு... யாரு செஞ்சது?"

பதில் தயாராக இருந்தது. "எங்க ஆத்தா, பேச்சி," என்றார் மூக்கையா. கொஞ்சம் யோசித்து, "அப்பனும் ஒத்தாசை," என்றார்.

நொரிக்கோ அம்மா தலையை அசைத்தார். தங்கத்தைப் பற்றி விசாரித்தார். மூக்கையா வாயைத் திறந்து காட்டினார். ரொம்ப நேர்த்தியான வேலை, ஓரத்தில் கொஞ்சமும் பிசிறு இல்லை என்று அந்த அம்மா பாராட்டினார். மூக்கையாவுக்கு முகம் மலர்ந்தது. எண்பத்து மூன்று வருஷத்தில் அவரை யாரும் ஓரம் பார்த்துப் பாராட்டியதில்லை. தன்னைத் தூக்க அந்த அம்மாவால் முடியாது என்று கண்டு, தானே சுவரைப் பிடித்து எழுந்து, வலது பக்கமாக இரண்டு தடவை சுற்றினார். சுற்றி முடித்துவிட்டு, அடியைக் காட்டுவதற்காக வேட்டியில் கைவைத்தார்.

நொரிக்கோ அம்மா சட்டென்று ஏதோ சொன்னார்.

"நல்ல சாவனை முதல் தடவையே கவுத்துப் பாக்கிறது முறை இல்லையாம் தாத்தா," என்றாள் செண்பகம், மூச்சு விடாமல். "உக்காருங்க."

மூக்கையா உட்கார்ந்தார். கொஞ்சம் வருத்தம்தான். அவ்வளவு தேய்த்திருந்தார்கள்.

"இவ்வளவு அருமையான சாவனை இன்னைக்கே புழங்க வேண்டாம், ஒரு கிளாஸ் போதும்னு சொல்றாங்க," என்றாள் செண்பகம். "மச்சாவும் ரொம்பத் திடமா இருக்காம். அவங்க வயசுக்கு லேசா ஒரு டீ போதுமாம்."

ஏகாம்பரம் நிமிர்ந்தார். "நான் அப்பவே நினைச்சேன். நான் கொஞ்சம் திடம்தான்."

காத்தமுத்து தவழ்ந்து வெளியேறிக் கடை அடுப்புக்கு ஓடினார். பால் கொதித்தது. டிகாஷன் இறங்கியது. கையை உயர்த்தி ஒரு ஆற்று ஆற்றினார். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. முப்பத்தோரு வருஷப் பழக்கம். கிளாஸைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி திரும்பவும் ஓட்டைக்குள் தவழ்ந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. நொரிக்கோ அம்மா கிளாஸை இரண்டு கையாலும் வாங்கி, உள்ளங்கையில் வைத்து, இரண்டு தடவை சுற்றினார். முதல் மடக்கு உள்ளே போன பிறகுதான் காத்தமுத்துவுக்குத் தன் கை செய்த காரியம் உறைத்தது. கை இரண்டு கரண்டி சீனியைப் போட்டிருந்தது.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். போயிற்று. பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று.

நொரிக்கோ அம்மா கடைசிச் சொட்டு வரை குடித்தார். கடைசி மடக்கைச் சத்தம் வர உறிஞ்சினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"இனிப்பா இருந்ததே, அது என்னன்னு கேக்கறாங்கப்பா."

பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "சீனிங்க," என்றார். "வியாழக்கிழமையே வெளிய அனுப்பிட்டோம். எப்படியோ வந்திருச்சு."

அந்த நேரத்தில் ஓட்டையில் சீனியம்மாளின் தலை தெரிந்தது. கூடவே, தரையில் ஊன்றிய இரண்டு கைகளும் தெரிந்தன. "ஏங்க, நாப்பது பேரு வெத்து இலையைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. உப்புமா கிண்டவா, பொங்கல் வைக்கவா?"

நொரிக்கோ அம்மாவின் பார்வை அந்தக் கைகளில் நின்றது. உள்ளங்கை இரண்டும் பச்சை. அவர் நகர்ந்து போய், ஒரு கையை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். தானே ஜப்பானில் கடை கடையாக ஏறி, முகர்ந்து பார்த்து வாங்கி, செண்பகத்துக்கு அனுப்பிய மச்சாப் பொடி அது.

அவர் கிமோனோக் கையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வந்தது.

"அழ வச்சிட்டோம்," என்றார் காத்தமுத்து.

"நுரை பத்தலையோ?" என்றார் ஏகாம்பரம்.

குலுங்கல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. நொரிக்கோ அம்மா முகத்தைத் துடைத்தார். காத்தமுத்துவின் முன்னால் நெற்றி பாயில் படும்படி குனிந்து, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

செண்பகம் அதை மொழிபெயர்க்கவில்லை. அவளும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா சொல்றாங்க?"

"மகனை ஏத்துக்கங்கன்னு கேக்கறாங்கப்பா."

காத்தமுத்துவும் பதிலுக்கு நெற்றியைப் பாயில் வைத்தார். இருந்தாலும் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. "இது ஒரே ஒரு தடவைதான்னு சொன்னியே. கல்யாணத்துக்கு வருவாங்களான்னு கேளு."

கேட்டாள். கல்யாணமும் ஒரே ஒரு தடவைதான், அதனால் கட்டாயம் வருவேன் என்று பதில் வந்தது. காத்தமுத்துவுக்குக் கணக்கு புரியவில்லை. ஆனால் வருவார் என்பது புரிந்தது. வெளியே நாற்பது பேருக்கும் பொங்கல் வைத்தார்கள். ஏகாம்பரத்துக்கு ஓட்டை வழியாகக் கொடுத்தார்கள். சுவரைத் திங்கட்கிழமைதான் இடித்தார்கள், பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு.

கல்யாணம் தை மாதம் நடந்தது. நொரிக்கோ அம்மா வந்தார். அவர் ஊர் திரும்பிய பிறகு மூக்கையாவின் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் மரப்பெட்டி, ஒரு சாண் அகலம், மூடியில் மையால் மூன்று வரி. நல்ல சாவனுக்கு இப்படி ஒரு பெட்டி செய்து, அதன் விவரத்தை மூடியில் எழுதி வைப்பது அங்கே வழக்கமாம். இதைச் செண்பகம் தொலைபேசியில் சொன்னதும் மூவரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இதுக்குள்ள தாத்தா எப்படிப் போவாரு?" என்றார் வெள்ளைக்கண்ணு.

"இப்பப் போக முடியாது," என்றார் ஏகாம்பரம். "எரிச்சப்புறம் போகலாம். அந்த அம்மா ரொம்பத் தூரம் யோசிச்சுச் செஞ்சிருக்கு."

மூக்கையாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. அதுவரை வெற்றிலை வைத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

செல்லையா சொன்னதை நான் முழுக்க நம்பவில்லை. அதனால் போன ஆனியில் ஊமத்தம்பட்டிக்குப் போனேன். பெட்டி இருக்கிறது. மூடியைப் படம் எடுத்து, ஜப்பான் மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். அவர் படித்துச் சொன்ன மூன்று வரி இது: "ஊர், ஊமத்தம்பட்டி, மேலத்தெரு. செய்தவர், பேச்சி. நிலை, தங்க ஒட்டு உண்டு, கசிவு இல்லை." முதல் இரண்டையும் மூக்கையாவின் மகளிடம் கேட்டுச் சரிபார்த்தேன். இரண்டும் சரி. மூன்றாவதை மூக்கையாவிடமே கேட்டேன்.

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பகல்ல இல்லை," என்றார்.